அம்மாவுக்கு வாங்கிய மழை ஜக்கெற்

கருவாட்டு வாசம் என்றால் பலருக்கு வாயூறும். எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து நோர்பரியில் நாங்கள் இருந்த வீட்டில், விடியுமுன்பே அம்மா எழுந்து, காலுறையாய்ப் போட்ட இரண்டு சோடி மேசுக்கு மேல், தமிழ்க் கடையில் கருவாடு கட்டித் தந்த 'சொப்பிங் பை'களைக் காலுக்கு ஒன்றாய் இழுத்து, றப்பர் வளையம் போட்டு இறுக்கி, அதன்மேல் சப்பாத்தை மாட்டும்போது எழும் சரசரப்பும் அந்த வாசமும்தான் என் சிறுவயது மாரிகாலம்.

கால் முடிந்தால் மேல். அப்பாவின் கிழிந்த கம்பளிச் சட்டை, அதற்குள் நெஞ்சோடு ஒட்டி மடித்து வைத்த பழைய பத்திரிகை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை வெட்டிய கறுப்புக் குப்பைப் பை, கைக்குக் கோப்பை கழுவும் றப்பர் கையுறை. இந்தக் கோலத்தில், முதல் பஸ் ஓடத் தொடங்குமுன், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையைக் கழுவித் துடைக்க அம்மா சைக்கிளில் போவார். "நான் ஊரிலை மாரி மழைக்குள்ளை சைக்கிள் ஓடிப் படிச்சனான், இதெல்லாம் ஒரு மழையே?" என்பார்.

அந்த மழை உடம்பை நனைக்கும், இந்த மழை எலும்புக்குள் இறங்கும் என்று யார் அவருக்குச் சொல்வது! ஏற்கெனவே மூச்சு முட்டு வேறு. மாடிப்படியின் பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "நெஞ்சு நனையவே கூடாது" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அப்பாவும் நானும் கடை கடையாய் ஏறி இறங்கி, சைக்கிள் ஓடுபவர்கள் போடும் அசல் மழை ஜக்கெற் ஒன்று வாங்கி வந்தோம். மஞ்சள் நிறம், உள்ளே மெத்தென்ற துணி, சைக்கிளின் பின்சில்லு சுழன்று அடிக்கும் தண்ணீர் தெறிக்காமல் முதுகுப்பக்கம் நீளம். அம்மா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த கிழமை பார்த்தால் மறுபடியும் குப்பைப் பை. ஜக்கெற் எங்கே? 'பெட்டி'க்குள் போய்விட்டது!

எங்கள் ஆட்களுக்குப் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முன்னறையில் பெரிய மட்டைப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். நிறைந்ததும் கப்பலில் ஊருக்குப் போகும். அதற்குள் விலைச்சீட்டுக் கழற்றாத புதுச் சாமான்தான் போகலாம், பழசு போகக் கூடாது. "பழசை அனுப்பினால் அவை என்ன நினைப்பினம்? நாங்கள் இஞ்ச கஷ்டப்படுறம் எண்டெல்லோ நினைப்பினம்!" ஆகவே புதுசெல்லாம் ஊருக்கு, கிழிசலெல்லாம் எங்கள் உடம்புக்கு. என்ன பைத்தியக்காரத்தனம்! வேர்த்துக் கொட்டும் ஊருக்குக் குளிர் ஜக்கெற்றா? அப்பா கத்தினார், நான் அழுதேன். "என்ரை தம்பிக்குத்தானே குடுத்தனான்" என்றதோடு அம்மா கதையை முடித்துவிட்டார்.

அந்தத் தம்பி, என் மாமா, படம் எடுத்து அனுப்பினார். முற்றத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள். காகம் எச்சம் போடாமல் அதன் சீற்றுக்கு மேல் மஞ்சள் ஜக்கெற்! "பாத்தியே, எவ்வளவு பக்குவமாப் பாவிக்கிறான்" என்று அம்மா பூரித்துப்போனார். அந்த மாரியிலேயே நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தவரால் பிறகு சைக்கிள் மிதிக்க முடியவில்லை.

இப்போது கடைகளில் சும்மா தரும் சொப்பிங் பைகள் இல்லை. அம்மாவின் சைக்கிளையும் யாருக்கோ கொடுத்தாயிற்று. பெட்டி மட்டும் முன்னறையில் அதே இடத்தில் இருக்கிறது. போன ஞாயிறு மாமா வீடியோவில் வந்தார். "அக்கா, அந்த மஞ்சள் ஜக்கெற் இப்பதான் கிழிஞ்சது. நல்லா உழைச்சது. அதைப்போலை இன்னொண்டு அனுப்ப ஏலுமோ?"

"ஓமடா, அதுக்கென்ன" என்றார் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. எனக்கு வந்த கோபத்தில் போனைப் பறித்துவிட்டேன்.

"மாமா, அது அம்மான்ரை ஜக்கெற்! அதில்லாமல் நனைஞ்சு நனைஞ்சுதான் அவவுக்கு இப்ப மூச்சுவிட ஏலாமல் கிடக்கு. நாங்கள் இஞ்ச கஷ்டப்பட்டனாங்கள், மாமா!"

மாமாவின் முகம் வெளிறிப்போயிற்று. "அக்கா, உண்மையோ?"

அம்மா போனைத் திருப்பி வாங்கினார். வந்த இருமலை விழுங்கிக்கொண்டு சிரித்தார்.

"அவள் பகிடி விடுறாளடா. நீ என்ன நிறம் வேணுமெண்டு சொல்லு."