உருமாலுக்குள் ஒரு மைக்

கல்யாண வீடியோவில் படம் கொஞ்சம் ஆடினால் சனங்க பொறுத்துக்குவாங்க; தாலி கட்டுற நேரத்துல சத்தம் வரலைன்னா நம்ம வீட்டு வாசலுக்கே வந்துடுவாங்க. நேற்றைய முகூர்த்தத்தில் கிளிப் மைக்கில் அப்பின சந்தனத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, நடுநடுவே இதை எழுதுகிறேன். மண்டபத்தில் வயரோடு மாரடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எங்க வீட்டுக்காரர் வீடியோ எடுக்கிறார். வயரில்லாத மைக் செட் ஒன்றை டவுனில் வாங்கிவந்தார். சரிப்படலைன்னா வைகாசி முடியறதுக்குள் திருப்பி எடுத்துக்கிறதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த மைக்கால்தான் எனக்கு வெளியே ஒரு வேலை வந்தது. அது கடைக்குத் திரும்பினால் நானும் அடுப்படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இடுப்பில் சொருகும் பொட்டி

உள்ளங்கை அகலத்தில் ஒரு பொட்டி, அதிலிருந்து வயர், வயர் நுனியில் கிளிப்போடு மைக். பொட்டியை இடுப்பில் சொருகி, வயரை ரவிக்கைக்குள் விட்டு, முந்தானை மடிப்பில் மைக்கைக் குத்த வேண்டும். மாப்பிள்ளைக்கென்றால் எங்க வீட்டுக்காரரே செய்துவிடுவார். முதல் கல்யாணத்தில் மணப்பெண் முன்னாலும் பொட்டியும் கையுமாகப் போய் நின்றார், பாவம். பெண்ணின் அத்தை குறுக்கே வந்து கேட்டாங்களாம்: "ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுல பொம்பளையாளே இல்லீங்களா?"

போத்தனூர் சர்ச்சில்

அப்படித்தான் நான் போக ஆரம்பித்தேன். அஞ்சாவதோடு நின்றவள். யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. ஆனால் மைக் குத்த முகத்தைப் பார்க்கத் தேவையில்லையே! குத்தி முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதும் என் வேலை.

போத்தனூர் சர்ச்சில் எல்லாம் நல்லபடியாக வந்துகொண்டிருந்தது. சனம் மொத்தமும் எழுந்து நின்றதும் காதில் ஒன்றுமே இல்லை. மைக் அனுப்புகிற சத்தத்தை வாங்குகிற இன்னொரு பொட்டியைத் தரையில் வைத்திருந்தோம். ஆள் மறைத்தால் அதற்கு எட்டாது. ஒரு இடுப்பில் என் கைப்பிள்ளை, மறு கையில் பொட்டியை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துவிட்டேன். சத்தம் வந்துவிட்டது. மறுபடி போய்விடுமோ என்று கண்ணை மூடிக் கேட்டபடி அப்படியே நின்றேன். பக்கத்திலிருந்த அம்மா மெதுவாகத் தோளைத் தொட்டாங்க: "ஜெபம் முடிஞ்சு போச்சுங்க, கையைக் கீழ விடுங்க கண்ணு."

பீளமேட்டுக் கோழி

பீளமேட்டில்தான் மானம் போனது. முந்தானை மடிப்பில் அழகாகக் குத்தியிருந்தேன். மாலை மாற்றியதுமே மாலை மைக்கில் உரச ஆரம்பித்துவிட்டது. மணவறையில் போய் எடுக்கவா முடியும்? தாலி கட்டி முடிகிறவரை கேசட்டில் சர் சர் என்று அதுதான். பெண்ணின் அப்பா எங்க வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தார். கோபமே படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எல்லாம் சரிங்க அம்மணி, எம் பொண்ணு கல்யாணத்துல கோழி சீய்க்கற சத்தம் எங்கிருந்துங்க வந்துச்சு?"

அவிநாசியில் ஒரு தலை

"அவிநாசிக் கல்யாணம் ஒண்ணு பார்ப்போம். அதுவும் சரிவரலைன்னா கடைக்குத்தான்" என்றார் எங்க வீட்டுக்காரர். வைகாசியில் அதுதான் கடைசி முகூர்த்தம்.

பெண்ணுக்கும் மாலை, மாப்பிள்ளைக்கும் மாலை. எங்கே குத்துவது? அந்தக் கல்யாணத்தில் சீரெல்லாம் நடத்தி வைக்கிறவர் அருமைக்காரர். பெரிய மனுசர். சொல்ல வேண்டியதெல்லாம் அவர் வாயால்தான் வரும், பெண் மாப்பிள்ளை பக்கத்திலேயே நிற்பார், கழுத்தில் மாலையும் கிடையாது. ஆனால் தோள் துண்டை நிமிசத்துக்கொரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் தலையில் உருமால் கட்ட ஒருவர் துணியை விரித்தார். நெற்றிக்கு மேலே, அசையாத இடம்!

மைக்கையும் பொட்டியையும் கையில் எடுத்துக்கொண்டேன். நேரே அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"எந் தலைக்குள்ள என்னத்த அம்மணி வெக்கப் போற?" என்றார்.

"மைக்குங்க. நீங்க சொல்றது கேசட்ல கேக்கோணுமுங்க. இன்னைக்கும் கேக்கலைன்னா இதைக் கடைக்கே திருப்பிருவாங்க." அவர் முகத்தைப் பார்த்தேதான் சொன்னேன்.

சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தார். பொட்டியைப் பின் மடிப்பில் வைத்து, மைக்கை நெற்றிப் பக்கம் ஒளித்து, மேலே உருமாலைச் சுற்றிவிட்டோம். கெட்டிமேளத்துக்கு நடுவிலும் அவர் குரல் என் காதில் கணீரென்று கேட்டது. மாப்பிள்ளை காதோரம் குனிந்து, "கை நடுங்குதா கண்ணு? எனக்கும் அன்னைக்கு நடுங்குச்சு, மெதுவா முடிச்சுப் போடு" என்றாரே, அதுகூட. கேசட் பார்த்தபோது பெண் வீட்டார் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாங்க. அருமைக்காரரும் வந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "கடைக்குக் குடுத்துப்போடாத அம்மணி, எந் தலைக்கு அது பழகிப்போச்சு."

வைகாசி போய் ஆனி வந்தாயிற்று. செட் எங்க வீட்டில்தான் இருக்கிறது. இத்தனை பட்டு நான் கண்டது இதுதான்: முன்னே வெட்கத்தில் யார் முகத்தையும் பார்க்கமாட்டேன், இப்போது பார்க்கிறேன், ஆனாலும் முகம் எங்கே தெரிகிறது, கிளிப் குத்தத் தோதான இடம்தான் தெரிகிறது, அதிலும் உருமால் கட்டின தலையைக் கண்டால் என் கை தானாகவே... வேன் வந்துவிட்டது, "அம்மணி, மைக் எங்க?" என்று எங்க வீட்டுக்காரர் கூப்பிடுகிறார், இதா வாரேனுங்க, நீங்க எடுக்காதீங்க, அந்தக் கிளிப்புல சந்தனம் இன்னும்