பவுல்ராஜ் இன்னும் என்னை மன்னிக்கவில்லை

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன். என் சாட்சியில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது. மீதியைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, கை பரபரக்கிறது.

என் பெயர் ஏசையா. வயது எழுபத்தொன்று. மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தெட்டு வருடம் உப்பு வாரியவன். என் மனைவி ரெபேக்காள் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்த பிறகு முட்டி இரண்டும் மடங்கவில்லை, வேலை நின்றது. மகள் கிரேஸ் திண்டிவனத்தில் குடித்தனம். நான் வீட்டில் தனியாள். பேச்சுக்கு ஆள் இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. ஊருக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம், உப்புக்குச் சப்பாணியாக எதற்கு இருக்கிறோம் என்று தோன்ற ஆரம்பித்தது. தோன்றியது போகவில்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டது.

யாரிடமும் சொல்லவில்லை. கிரேஸ் தினமும் போன் பண்ணி, "சாப்டியாப்பா? மாத்திரை போட்டியா?" என்பாள். "உம்" என்பேன். போதகர் வந்து, "எப்படி இருக்கீங்க ஐயா?" என்பார். "ஸ்தோத்திரம் ஐயா" என்பேன். நம்மில் இது ஒரு பழக்கம். உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் வாயில் ஸ்தோத்திரம் வந்துவிடும். விசுவாசி அப்படியெல்லாம் நினைக்கலாமா, சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம் வேறு.

கடைசியில் சாவதென்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன், அது யாருக்கும் உதவாது. என் சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ரெபேக்காள் வளர்த்த இரண்டு கோழிகளையும் பிடித்துக் கொடுத்தேன். ஒரே ஒரு பாரம் மட்டும் நெஞ்சில் நின்றது. அது பவுல்ராஜ்.

பவுல்ராஜும் நானும் ஒன்றாக உப்பு வாரியவர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைமழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. என் உப்புக் குவியல் மேல் போட்டிருந்த தார்ப்பாய் காணவில்லை. ஒரு மாத உழைப்பு என் கண் முன்னால் கரைந்து வாய்க்காலில் போனது. பவுல்ராஜ் குவியல் மட்டும் பத்திரமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "தார்ப்பாயைத் திருடியவன் இவன்" என்று கத்தினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதன் அன்றைக்குக் கடைசி வரிசைக்குப் போனவன்தான், திரும்பி முன்னால் வரவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தார்ப்பாய் வேலிகாத்தான் புதருக்குள் கிடைத்தது. காற்று கொண்டுபோயிருக்கிறது. பார்த்தவள் ரெபேக்காள். "போய் சொல்லிடுங்க" என்று சாகும்வரைக்கும் சொன்னாள். நான் போகவில்லை. எனக்குப் பெரிய கௌரவம்!

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் முழங்கால் போட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் வந்துடறேன். அதுக்கு முன்னாடி பவுல்ராஜ் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்." இவ்வளவுதான் ஜெபம். பிரியமானவர்களே, இந்த ஜெபத்துக்குக் கர்த்தர் கொடுத்த பதிலைக் கேளுங்கள்!

பவுல்ராஜ் இப்போது உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறான். பத்து மணி வெயிலில் தடுமாறி அவன் கொட்டகைக்குப் போனேன். "பவுலு, அந்தத் தார்ப்பாய நீ எடுக்கல. அது ரெண்டு மாசத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பதினோரு வருசமா என்னைப் பார்த்தா எச்சி துப்பிட்டுப் போற ஆளு நீ. இன்னைக்கி இன்னாத்துக்கு வந்த?"

"மனசு கேக்கல."

"உனக்கு ஏதுடா மனசு?" என்றான். சட்டென்று முகம் மாறியது. "சைக்கிள குடுத்துட்டியாமே. ரெபேக்கா கோழியக்கூட புடிச்சிக் குடுத்துட்டியாம். இப்ப என்கிட்ட வந்து மன்னிப்பு கேக்குற. ஏசையா, உண்மையச் சொல்லு. செத்துப் போலாம்னு இருக்கியா?"

அத்தனை மாதத்தில் ஒரு ஆள்கூடக் கேட்காத கேள்வி. அதை என் சத்துரு கேட்டான்! நான் உடைந்துபோனேன். "ஆமாடா" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். சொன்ன மாத்திரத்தில் மார்பு மேல் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது, அதை இன்றைக்கும் உணருகிறேன்.

அழுது முடித்து, "இப்பவாவது மன்னிச்சேன்னு சொல்லுடா" என்றேன்.

"மாட்டேன்" என்றான். "சர்ச்சுல அத்தினி பேரு முன்னாடி என்னைத் திருடன்னு சொன்ன. அதே எடத்துல நின்னு இல்லன்னு சொல்லு. இன்னைக்கி செவ்வாய். ஞாயித்துக்கெழம வரைக்கும் நீ இருந்துதான் ஆவணும்."

மோட்டாரை நிறுத்தினான். என்னைத் தன் மொபெட்டில் ஏற்றி நேராக அவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவன் மனைவி மேரி கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள், இரண்டு தட்டு சாப்பிட்டேன். அவன் என் போனை வாங்கிக் கிரேஸிடம் ஒன்று விடாமல் சொன்னான். பிறகு என் வீட்டுக்குப் போய், எனக்கு ஆபத்தானது எதுவும் அங்கே இல்லாதபடி எடுத்து அப்புறப்படுத்தினான். அவனோ மேரியோ ஒரு நிமிடம்கூட என்னைத் தனியாக விடவில்லை. சாயங்காலம் மகள் வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?" என்று அழுதாள்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அந்த அம்மா நிதானமாகக் கேட்டார். "இது வயசாயிட்டதால வர்றது இல்லைங்க ஐயா, நோய். மருந்து இருக்குது. உடனே கேக்காது, சில வாரம் ஆவும்" என்றார். உப்புக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? பாத்தியில் தண்ணீர் விட்ட அன்றைக்கே உப்பு வாரியவன் யார்? காத்திருந்தேன். மாத்திரையும் சாப்பிட்டேன், ஜெபமும் பண்ணினேன். ஒன்றுக்கொன்று சண்டை போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆலயத்தில் எழுந்து நின்றேன். "பவுல்ராஜ் திருடல. தார்ப்பாய் கெடைச்சும் நான்தான் மறைச்சேன். நான் பொய்யன்" என்றேன். சபையே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. அல்லேலூயா, இதோ சொல்லப்போகிறான் என்று நானும் பார்த்தேன்.

அவன் காதில் கையை வைத்துக்கொண்டு, "கடைசி வரிசையில உக்காந்திருக்கறவனுக்கு ஒண்ணுமே கேக்கல. அடுத்த வாரம் சத்தமா சொல்லு" என்றான்!

சபை சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரம் தொண்டை கிழியச் சொன்னேன். "போதகர் தும்மிட்டாரு, பாதிதான் கேட்டுச்சி" என்றான். அதற்கடுத்த வாரம் வேறு ஒரு சாக்கு. எத்தனையாவது வாரம் என்று நினைவில்லை, பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. இவன் என்னை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக உயிரோடு வைத்துக்கொண்டிருக்கிறான். நான் கேட்டது ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் கொடுக்காமலே கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார்!

இப்போது தூக்கம் வருகிறது. சோறு ருசிக்கிறது. கோழிகளைத் திருப்பி வாங்கிவிட்டேன், ஒன்று அடைகாக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் நானும் பவுல்ராஜும் அவன் மொபெட்டில், தனியாக இருக்கிற பெரியவர்கள் வீடு வீடாகப் போகிறோம். அவர்கள் "ஸ்தோத்திரம்" என்றால் நாங்கள் விடுவதில்லை. "ஸ்தோத்திரம் இருக்கட்டும்மா, ராத்திரி தூங்கறியா? சாவணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கிறோம். கேட்டால் அந்த எண்ணம் கிளம்பிவிடும் என்று பயப்படாதீர்கள். எனக்கு அந்தக் கேள்விதான் கதவைத் திறந்தது.

இதை வாசிக்கிற பெரியவர்களே, உங்களுக்கும் அப்படித் தோன்றினால் இன்றைக்கே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மகளிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், சண்டைக்காரனிடமாவது சொல்லுங்கள். கர்த்தர் யார் கையை நீட்டுவார் என்று நமக்குத் தெரியாது.

இந்தச் சாட்சியை எழுதி முடித்ததும் கொட்டகைக்குப் போய்ப் பவுல்ராஜுக்கு வாசித்துக் காட்டினேன். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கிட்டத்தில் கண் மங்கிவிட்டது, எழுத்து படிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டான். இப்போதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்குற" என்றான். "ஆனா மன்னிப்பு ஞாயித்துக்கெழமதான். வந்துடு."

"வர்றேன்டா" என்றேன்.