பெனிசிலினுக்கும் அலர்ஜிக்கும் நடுவே நூறு சொல்

"சார், உங்க தேடலை நம்பித்தான் லிஸ்ட் ஒட்டினேன். ஒரு பேர் விட்டுப்போச்சு. அந்தம்மா முகம் எனக்கு ஞாபகம் இருந்ததால தப்பிச்சாங்க."

ஆஸ்டின் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றின் பார்மசிஸ்ட் மேரி மேடம் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளைத் தினமும் காலையில் எங்கள் மென்பொருளில் தேடி, வார்டில் பட்டியல் ஒட்டுவது அவர் வேலை. 'பெனிசிலின்' என்ற சொல்லுக்கு ஐந்து சொல்லுக்குள் 'அலர்ஜி' வருகிற குறிப்புகளை எடுத்துக் கொடு என்பதுதான் தேடல். ப்ராக்ஸிமிட்டி க்வெரி என்போம். தேடுவது ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பொருத்திக்கொள்ளக்கூடிய ஆயத்த ப்ரோக்ராம். அதை அங்கே பொருத்திக் கொடுத்தவன் நான். காலேஜில் படித்ததல்ல, நோண்டி நோண்டிக் கற்றது.

விடுபட்ட குறிப்பைத் திறந்தேன். பெனிசிலின், அடுத்த சொல்லே அலர்ஜி. ஐந்தைப் பத்தாக்கினேன், ஐம்பதாக்கினேன். வரவில்லை. நூற்றைந்து என்று போட்டதும் வந்து நின்றது.

லைப்ரரியில்தான் பிழை என்று முடிவுகட்டி, அதைப் பராமரிப்பவர்களிடம் புகார் போட்டேன். பிழை தெரிகிற மாதிரி சின்ன டெஸ்ட் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். குறிப்பை அப்படியே காப்பி செய்து ஒட்டி ஓட்டினேன். ஐந்திலேயே வந்துவிட்டது! அதே எழுத்து, அதே லைப்ரரி. அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

"கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு, கம்ப்யூட்டருக்கு மட்டும் மைசூர்ல இருக்கா?" என்றார் மேரி மேடம். "நீங்க காரணம் கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் ஃபைல் ஃபைலா படிச்சுக்கறேன். ஆனா ஒரு ஆளு எவ்ளோ படிக்கிறது சார்?"

வேறு வழி தெரியாமல், அந்தக் குறிப்புகளை டைப் செய்கிற பொம்மசந்திரா அலுவலகத்துக்குப் போய், அங்கே டைப்பிஸ்ட்டான ராணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். விரல்கள் பறந்தன. வரி நிறைந்ததும் டக்கென்று என்டர். அடுத்த வரி நிறைந்ததும் மறுபடி என்டர்.

"அக்கா, அங்க ஏன் என்டர்?"

"வரி முடிஞ்சா கீழ எறக்கணும்ல? ஒக்கலிபுரம் இன்ஸ்டிட்யூட்ல டைப்ரைட்டிங் பாஸ் பண்ண கை, தம்பி. ஏன், தப்பா?"

தப்பு என்னுடையது. என்டர் அடித்தால் ஒரு குறிப்பு முடிந்தது என்று ப்ரோக்ராம் எழுதியவன் நான். ஒரு குறிப்பின் கடைசிச் சொல் அடுத்ததன் முதல் சொல்லோடு ஒட்டிவிடக் கூடாதென்று, நடுவில் நூறு சொல் இடம் விட்டு எண்ணவும் லைப்ரரிக்குச் சொல்லியிருந்தேன். அக்காவின் ஒரு வரி பெனிசிலினில் முடிந்து, அடுத்த வரி அலர்ஜியில் தொடங்கியிருந்தது. டெஸ்டில் இரண்டு வரியையும் ஒரே குறிப்பாக ஒட்டியதால் பிழை ஒளிந்துகொண்டது.

"ப்ரோக்ராமை மாத்தறேன் அக்கா."

"அதை மாத்துங்க. இந்தக் கை இனிமே மாறாது."

சேவ் அழுத்தினால்தான் குறிப்பு முடியும் என்று மாற்றினேன். பழைய குறிப்புகளின் வரிகளையும் ஒன்றாகச் சேர்த்து, தேடலுக்காக மறுபடி இன்டெக்ஸ் செய்தேன். மறுநாள் காலை மேரி மேடத்தைப் போனிலேயே தேடிப் பார்க்கச் சொன்னேன்.

"நான் படிச்சு எடுத்தது அஞ்சு பேரு. இது ஆறு காட்டுதே?" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "ஆறாவது ஆளு எட்டாம் பெட். மதியம் பெனிசிலின் ஊசி எழுதியிருக்கு. போனை வைங்க சார்!"

மறுபடி எங்கே தப்பு செய்தேனோ என்று குழம்பி நின்றேன். அரை மணி கழித்து மெசேஜ் வந்தது: "அவருக்கு அலர்ஜி நிஜம்தான். ஊசியை நிறுத்தியாச்சு."

புகாரை வாபஸ் வாங்கி, லைப்ரரிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் தேடலில் பிழை என்று யாராவது சொன்னால், ப்ரோக்ராமைத் திறப்பதற்கு முன் அந்த எழுத்தை அடித்தவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.