மாமா குதித்த காரணம்

“பாவா, பொண்ணு விஷயம் இன்னா சொல்ற?” என்று கேட்டார் மாமா.

“எந்தப் பொண்ணு?” என்றார் நைனா, தெரியாதவர்போல.

“உன் பொண்ணுதான். எங்க பையன் இளங்கோவனுக்கு.”

“கோதண்டம், நேத்து நீ வந்ததும் உன்ன ஒண்ணு கேட்டனே, சாப்ட்டியான்னு. ஞாபகம் இருக்குதா?”

“ஆங்?”

“நேத்து கேட்டதுக்கு இன்னும் ஆங்! என் பொண்ணு உங்கூட்டுக்கு வந்து, அடுப்பு பத்திகினு எரியுதுன்னு கத்துனாக்கூட நீ மறுநாள்தான் ஏந்திருப்ப. ஒரு வார்த்த சொன்னா ஒடனே செய்யறவன் வூட்லதான் நான் சம்பந்தம் பண்ணுவேன்.”

வெகுநேரம் கழித்து மாமா, “சாப்ட்டேன் பாவா” என்றார்.

கோதண்டபாணி மாமா என் அம்மாவின் தம்பி. அம்மையார்குப்பத்தில் தறி நெய்பவர். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். எங்கள் இரு குடும்பங்களும் வீட்டில் தெலுங்கு பேசியவைதான். திருத்தணியில் துணிக்கடை வைத்த பிறகு நைனா வீட்டுக்குள்ளும் தமிழைக் கொண்டுவந்துவிட்டார். நான் நான்காம் வகுப்புவரை தெலுங்கிலும், எங்கள் ஊர் மதராஸோடு சேர்ந்த பிறகு தமிழிலும் படித்தவள், எனக்குச் சிரமமில்லை. மாமாவுக்கு மட்டும் ஒவ்வொரு தமிழ் வார்த்தையும் உள்ளே போய்த் தெலுங்காகி, பதில் தமிழாகித் திரும்ப வேண்டும். அரக்கோணம் ஸ்டேஷனில் ஒருவர், இந்த வண்டி திருவள்ளூரில் நிற்குமா என்று அவரைக் கேட்டிருக்கிறார். கேட்டவர் ஏறி உட்கார்ந்து வண்டி நகர்ந்தபின், மாமா கூடவே ஓடி, “நிக்காது! நிக்காது!” என்று பதில் சொன்னாராம்.

அடுத்த மாதமே நைனாவிடம் தன்னை நிரூபிக்க மாமாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் கடையில் துணி எடுக்கும் பெருமாள், பட்டணத்துத் துறைமுகத்தில் மோட்டார் படகு ஓட்டுபவர். கடலிலிருந்து பட்டணத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்தார். நைனா, அம்மா, நான், மாமா நால்வரும் போனோம். மாமா புது வேட்டி கட்டியிருந்தார். புளிசோறு வைத்த கேரியரை அம்மா அவர் கையில் கொடுத்திருந்தாள்.

படகு கரையை விட்டதும் அம்மாவுக்குத் தலை சுற்றியது. குனிந்தே இருந்ததால் அவள் பார்த்த பட்டணமெல்லாம் படகின் அடிப்பலகைதான். நைனா கையை நீட்டினார்.

“அதோ பாரு, செவப்பா…”

“ஆங், தெரியுது பாவா!”

“நான் இன்னும் சொல்லவே இல்லியே.”

“ஆங், அதான்!” என்ற மாமா, கேரியரை இடுக்கிக்கொண்டு கும்பிட்டார்.

“யோவ், அது கோயில் இல்ல. ஐகோர்ட்டு.”

“இருக்கட்டும் பாவா, கும்புட்டாச்சு.”

பிறகு எதைக் காட்டினாலும் நைனா வாய் திறக்குமுன் ஆங் வந்தது. நைனா காட்டுவதையே நிறுத்திவிட்டார். நின்றிருந்த ஒரு பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் பெருமாள் நங்கூரம் போட்டு, கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கச் சொன்னார். பின்பு கரைக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று, முன்னால் நின்ற தன் ஆளைப் பார்த்துக் கத்தினார்:

“தூக்கு! தூக்கு!”

நங்கூரத்தைத்தான் சொன்னார். ஆனால் தெலுங்கில் கிட்டத்தட்ட அதே ஓசையில் ஒரு சொல் உண்டு. அதற்குக் குதி என்று பொருள். மாமா இந்த முறை எதையும் உள்ளே அனுப்பி மாற்றிக்கொண்டிருக்கவில்லை. கேரியரோடு குதித்துவிட்டார்.

“கேரியர்! கேரியர்!” என்று அலறினார் நைனா.

ஏரியில் நீந்திப் பழகியவர் என்பதால் மாமா சுலபமாக மேலே வந்தார். ஒரு கையில் கேரியரை உயர்த்திப் பிடித்திருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

“ஆச்சு பாவா. அப்புறம் இன்னா செய்யணும்?”

பெருமாள் பதறிப்போய்த் தன் ஆளிடம், “ஆளத் தூக்குடா! தூக்கு!” என்றார்.

மாமா ஒருகணம் குழம்பினார். ஏற்கெனவே குதித்தவன் இன்னும் எங்கே குதிப்பது? ஆனாலும் பெரியவர்கள் சொல்கிறார்களே என்று மூச்சை இழுத்து, தலைகீழாக உள்ளே போனார். கேரியரும் போனது. கப்பலில் இருந்தவர்கள் வரிசையாக வந்து நின்று கைதட்டினார்கள். இன்னொரு முறை செய்யச் சொல்லி ஒருவன் கை காட்டினான்.

பெருமாள் மூன்றாம் முறை வாயைத் திறக்குமுன் நான் எழுந்து நின்றேன். வெளியாட்கள் முன்னால் நான் சத்தமாகப் பேசியதே கிடையாது. மாமாவின் தலை வெளியே தெரிந்ததும் தெலுங்கில் கத்தினேன்: “மாமய்யா, தூகொத்து! எக்கு!” குதிக்காதே, ஏறு.

ஏறிவிட்டார். ஐகோர்ட்டைப் பார்த்து இன்னொரு கும்பிடும் போட்டார்.

திரும்பும் ரயிலில் வேட்டியின் ஒரு முனையை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக் காயவைத்துக்கொண்டு, “இப்ப இன்னா சொல்ற பாவா?” என்று கேட்டார்.

“மெதுவா இருக்கியேன்னுதான் பயந்துகினு இருந்தேன். உன் வேகத்தப் பாத்தா அதவிட பயமா இருக்குது,” என்றார் நைனா. சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “என்ன வுடு. பொண்ணையே கேட்டுக்க.”

மாமா என் பக்கம் திரும்பினார். அரக்கோணம் வரும்வரை யோசித்தார். நானும் என்ன பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மாடி,” என்றார் கடைசியில். “நம்ம வூட்டுக் கல்யாணத்துல, தாலி கட்றப்ப திடீர்னு யாராச்சும் கெட்டிமேளம்னு கத்துவாங்க. அந்த நேரத்துல நீ தல குனிஞ்சிகினே இருந்துடாத. கொஞ்சம் என் பக்கம் திரும்பி, அது எந்த பாஷைன்னு சொல்லிடு.”