பட்டனை விட்ட பிறகு வந்த பதில்

நம் ஜெபக்கூட்டத்துக்கு வருகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், தூரத்தில் இருந்து இதை வாசிக்கிற எல்லோருக்கும், இயேசுவின் நாமத்தில் என் அன்பு.

என் மகன் ஜோயல் ஆற்றுக்குள் முங்கியிருந்தான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் மனைவி எஸ்தரின் கையில் இருந்தது. எங்கள் சின்னப் படகைச் சுற்றி வெள்ளையாய்ப் பனிமூட்டம். அதற்குள் எங்கேயோ ஒரு பெரிய சரக்குக் கப்பலின் சங்கு ஊதியது. ஒரே பிள்ளை. அவனை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு ஊர் திரும்பப் போகிறோம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். 

இது போன பொங்கல் விடுமுறையில் நடந்தது. என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருச்சி எடமலைப்பட்டி புதூரில். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் மைக் செட் வாடகைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர்ப் பந்தல், நம் சபையின் கூட்டம், எல்லாவற்றுக்கும் என் பெட்டிதான் போகும். மைக் பிடித்துப் பிடித்து எனக்குப் பேச்சு அதிகமாகிவிட்டது. எதிரே பூக்கடை வைத்திருக்கும் அக்கா, "உங்க கடை பூட்டியிருந்தாத்தான் எங்க காதுக்கு லீவு" என்பார். அந்த மாதிரி நாலு பேர் சொல்கிற சொல்லைச் சேர்த்து வைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு ஆசை.

ஜெபத்திலும் நான் அப்படித்தான். ஆண்டவரிடம் கேட்கும்போது தெரு, கதவு எண், அடையாளம் எல்லாம் சொல்லித்தான் கேட்பேன். எஸ்தர் கேலி செய்வாள். "ஆண்டவர் என்ன தபால்காரரா? எதுக்கு அவருக்கு இவ்வளவு விலாசம்?" என்பாள். நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஜோயலுக்குக் கோவாவில் வேலை. மாண்டவி ஆற்றங்கரையில் படகு கட்டும் பட்டறை ஒன்றில் இருக்கிறான். பொங்கலுக்கு நானும் எஸ்தரும் அவனைப் பார்க்கப் போயிருந்தோம். பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, தானே சரிபண்ணி, பக்கத்தில் 'முக்கொம்பு' என்று எழுதி வைத்திருந்தான். சின்னப் பிள்ளையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன அணையின் பெயர். அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஆனால் நான் வாயைத் திறந்து சொன்னது, "எழுத்து கோணலா இருக்கேடா" என்பதுதான்.

நம் காவிரியில் பரிசலும் மணலும் பார்த்த கண்ணுக்கு அந்த ஆறு வேறு மாதிரி. இரும்புத் தாது ஏற்றிய பார்ஜுகள் அதில் போகும். பார்ஜ் என்றால் தட்டையான, நீளமான சரக்குக் கப்பல். நிறைய ஏற்றிக்கொண்டு வரும்போது நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, ஆழமான தடத்தை விட்டு விலகினால் தரை தட்டும். அதனால் சின்னப் படகுக்காரர்கள்தான் ஒதுங்க வேண்டும். எல்லோரும் ஒருவருக்கொருவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போவார்கள். அந்த ரேடியோ ஜோயல் படகிலும் இருந்தது. ஒரு பெட்டி, சுருள் வயரில் ஒரு மைக்.

"அப்பா, இது பதினாறாம் சேனல். எல்லாரும் இதுல காது வெச்சிருப்பாங்க. பட்டனை அமுக்கினா நீங்க பேசலாம். அமுக்கிக்கிட்டே இருந்தா அவங்க பேசறது உங்களுக்குக் கேக்காது. படகு பேரு, எங்க இருக்கோம், அவ்வளவுதான். சொல்லிட்டு விட்டுடணும்."

"மைக்கைப் பத்தி எனக்கேவா?"

"இது திருப்பிப் பேசற மைக்குப்பா" என்று சிரித்தான். மேலே ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் நான் ஒரு கல்யாணத்தில் மைக் கரகரத்த கதையை ஆரம்பித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மூவரும் கிளம்பினோம். மூவருக்கும் லைப் ஜாக்கெட் மாட்டிவிட்டான். எஸ்தர் பிளாஸ்கில் காபி கொண்டு வந்திருந்தாள். ஒரு பாலத்தைத் தாண்டி, ஆறு வளைகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் இழுத்துக்கொண்டு நின்றது. அறுந்து வந்த நைலான் வலை, தண்ணீருக்குள் இருக்கும் எஞ்சின் விசிறியில் சுற்றியிருந்தது. ஆற்றின் ஓட்டம் எங்களை இழுத்தது. நங்கூரம் போட்டோம். அது பிடித்த இடம் பார்ஜ் வருகிற தடத்துக்குள், ஒரு சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில்.

ஜோயல் ரேடியோவில் ஒரு தடவை இந்தியில் சொன்னான். பதில் இல்லை. கண்ணுக்கு எட்டின வரை கப்பலும் இல்லை. "பத்து நிமிஷம்பா. அறுத்து எடுத்துட்டு வந்துடறேன். யாராச்சும் கூப்பிட்டா பதில் சொல்லுங்க" என்றான். ஜாக்கெட்டோடு முங்க முடியாதென்று அதைக் கழற்றிவிட்டு, கயிற்றை இடுப்பில் கட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கத்தியோடு இறங்கினான். மூச்சுக்கு ஒரு தடவை மேலே வருவான், மறுபடி முங்குவான்.

அப்போதுதான் பனி இறங்கியது. மேலே சொன்னேனே, அந்தச் சங்கும் கேட்டது.

மைக்கை எடுத்துப் பட்டனை அமுக்கினேன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன். பழக்க தோஷம். ஒரு சத்தமும் திரும்ப வரவில்லை. விரலை எடுத்தால்தானே வரும். அது புத்தியில் ஏறவே இல்லை. என் தொழிலில் மைக்கில் பேசினால் ஊர் கேட்கும், ஊர் பதில் பேசாது. யாருமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கையில் மைக்கை இறுக்கிப் பிடித்தபடியே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, எடமலைப்பட்டி புதூர்ல இருந்து வந்திருக்கோம். பாலத்தைத் தாண்டி, வளைவுக்கு முன்னாடி, சிவப்பு மிதவைக்குப் பக்கத்துல நிக்கிறோம். வெள்ளைப் படகு. பேரு முக்கொம்பு. எஞ்சின் போச்சு. என் பிள்ளை தண்ணிக்குள்ள இருக்கான். கப்பல் வருது. அவனைக் காப்பாத்துங்க."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.

"போதும், ஆமென் சொல்லுங்க" என்றாள் எஸ்தர். "கயித்தைச் சுண்டுறேன், அவன் வரமாட்டேங்கறான். இங்க வந்து ஒரு கை குடுங்க."

"ஆமென்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கீழே போட்டேன்.

பெட்டிக்குள் இருந்து ஒரு குரல், "ஆமீன்" என்றது.

பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த எஸ்தரும் திரும்பிப் பார்த்தாள்.

"முக்கொம்பு, முக்கொம்பு. அண்ணே, இனிமே பட்டனைத் தொடாதீங்க, நான் சொல்றதை மட்டும் கேளுங்க. உங்களை நோக்கி வர்ற பார்ஜ் என்னுதுதான். நீங்க இருக்கிற இடம் தெரிஞ்சு போச்சு. வேகத்தைக் குறைச்சுட்டேன், தடத்தோட அந்தப் பக்கம், பச்சை மிதவைக்கிட்ட ஒதுங்குறேன். நிறுத்த முடியாதுண்ணே, ஆனா உங்களைத் தொட மாட்டேன். புள்ளையை மேல ஏத்துங்க. எல்லாரும் கீழ உக்காந்து கெட்டியாப் பிடிச்சுக்குங்க, அலை வரும். இப்ப ஒரே ஒரு தடவை அமுக்கி, கேட்டுச்சுன்னு சொல்லிட்டு விட்டுடுங்க."

"கேட்டுச்சு" என்றேன். விட்டேன். வாழ்க்கையில் நான் பேசின மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

இருவரும் சேர்ந்து கயிற்றை இழுத்தோம். ஜோயல் மேலே வந்து, "இன்னும் கொஞ்சம்தான்மா" என்றான். எஸ்தர் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள். படகுக்குள் அவன் விழுந்த சற்று நேரத்தில் பனிக்குள் இருந்து பார்ஜ் வந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அந்தக் கருப்பு இரும்பு தடத்தின் மறுபக்கமாக, மெதுவாக, நிதானமாகக் கடந்து போனது. அலையில் படகு ஆடி, காபி பிளாஸ்க் ஆற்றோடு போனது. அவ்வளவுதான் எங்களுக்கு நஷ்டம்.

அந்தப் பார்ஜை ஓட்டி வந்த மாஸ்டர் பெயர் காதர் பாய். திருச்சிக்காரர், காந்தி மார்க்கெட் பக்கம் வீடு. சனிக்கிழமைகளில் ரேடியோவில் 'முக்கொம்பு' என்ற பெயரைக் கேட்டு, யாரோ நம்ம ஊர்ப் பையன் என்று ஏற்கெனவே நினைத்திருந்தாராம். அன்று அப்போதுதான் சரக்கு ஏற்றும் துறையில் இருந்து கிளம்பியிருக்கிறார், அதனால் ஜோயல் முதலில் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. லீவில் ஊருக்கு வந்தபோது பழங்களோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தார்.

"வழி கேக்கவே இல்லண்ணே. ஜெபத்துலயே பாதி விலாசம் சொல்லிட்டீங்க" என்றார். எஸ்தர் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. அன்றிலிருந்து அவள் என் விலாசத்தைக் கேலி செய்வதில்லை.

"நான் மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க விட்டாத்தானே" என்றும் சொன்னார். "எங்க வீட்டுல யாரு துஆ கேட்டாலும் முடிவுல ஆமீன் சொல்லுவோம். நீங்க முடிச்சதும் கை தன்னால பட்டனை அமுக்கிடுச்சு."

பிரியமானவர்களே, அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க, கேட்க ஆளில்லை என்று நான் அழுதுகொண்டிருந்தேன். இத்தனை வருட ஜெபத்தில் எத்தனை பதில் இப்படிப் போனதோ. இப்போது விடியற்காலையில் ஜெபித்து முடித்த பிறகு எழுந்துகொள்வதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். மதுரை ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்கும். சில நாள் அது மட்டும்தான் கேட்கும். பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

ஜோயலிடமும் அப்படித்தான். முன்பு போனில் நான் பேசி, நானே முடித்து, நானே வைத்துவிடுவேன். காதர் பாய் வந்துபோன அடுத்த சனிக்கிழமை அவனைக் கூப்பிட்டு, "எப்படிடா இருக்கே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.  லைன் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு சொன்னான்.

"சனிக்கிழமையானா இங்க பேச ஆளே இல்லப்பா. அதான் படகு வாங்கினேன். ரேடியோல யாராச்சும் பேசிக்கிட்டே இருப்பாங்க, கேட்டுக்கிட்டே ஆத்துல போவேன்."

என் பிள்ளையை ஆண்டவர் தண்ணீரில் இருந்து எடுத்துக் கொடுத்தார் என்று அதுவரை சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முழுதாகக் கொடுத்தார். அவருக்கே மகிமை.

உங்களில் யாருக்காவது இன்று ஒரு சங்குச் சத்தம் பனிக்குள் கேட்டுக்கொண்டிருக்கலாம். வியாதியோ, பிள்ளைகளைப் பற்றிய கவலையோ, எதுவோ. அவரை நம்பிச் சொல்லுங்கள். தெரு, கதவு எண், மிதவையின் நிறம் வரைக்கும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் விரலை எடுத்துவிடுங்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. மணி ஏழாகப் போகிறது. ஜோயல் கூப்பிடுகிற நேரம். நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.