அடைப்புக்குறிக்குள் ஒரு கை

ஒரு பெண் சொன்ன உண்மையை நான் ஒன்றுமில்லாமல் ஆக்கினேன். கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தத்துவம் நடத்திய அறிவைக் கொண்டுதான் அதைச் செய்தேன்.

மனைவியின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். பெண்களின் புகார்களை விசாரிக்கும் குழுவுக்கு வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது சட்டம். என்னைப் போட்டார்கள். நான் எப்படி வெளியாள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

செக்கிங் பிரிவில் துணியில் ஓட்டை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். சூப்பர்வைசர் பின்னால் நின்று இடுப்பில் கை வைத்ததாகச் சொன்னாள். தான் தலைக்கு மேலிருந்த ட்யூப் லைட்டைத்தான் திருப்பியதாக அவர் சொன்னார்.

உலகம் நிஜமாகவே இருக்கிறதா என்ற கேள்வியை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, அது எப்படித் தோன்றுகிறது என்று மட்டும் பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன். அப்போது, எல்லாம் யாருக்குத் தோன்றுகிறதோ அந்தத் தன்னிலை மட்டும் மிஞ்சும். அதற்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. அன்று குழுவின் நாற்காலியில் அப்படிப்பட்ட ஒன்றாகத்தான் உட்கார்ந்திருப்பதாக நம்பினேன்.

‘சூப்பர்வைசர் விளக்கைத் திருப்பினார். தொடப்பட்டதாக அப்பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது’ என்று அறிக்கை எழுதினேன். புகாரை மூடினார்கள்.

மறுநாள் கம்பெனி கேட்டருகே அவள் அறிக்கையின் நகலோடு என்னை நிறுத்தினாள்.

“ஏனுங்க சார், எனக்கு மட்டுந்தான் தோணுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அவரு லைட்டத் திருப்புனது மட்டும் நெசமுங்களா?”

நான் விலகிக் கேட்டைத் தாண்டப் போனேன்.

“இது மச்சினரு கம்பெனிங்கறதுகூட உங்களுக்குச் சும்மா தோணறதுதானுங்களா?”

என் மாணவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. அவள் பக்கத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தது தூய தன்னிலை அல்ல, முதலாளியின் உறவுக்காரன்.

அறிக்கை தவறு என்றும், நான் உறவினன் என்றும் எழுதிக் கம்பெனிக்கும் மாவட்ட அதிகாரிக்கும் அனுப்பினேன்.

“ஒதுங்கி நின்னு பாக்கற ஆளுன்னுதானுங்க மச்சான் உங்களப் போட்டோம்,” என்றார் மைத்துனர். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

புதிய குழு விசாரித்துச் சூப்பர்வைசரை நீக்கியது. அதற்குள் அவள் காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில்லில் சேர்ந்திருந்தாள். கடிதத்தின் நகலை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

“நான் செய்தது தப்பும்மா. பழைய வேலைக்கே கூப்பிடுகிறார்கள்,” என்றேன்.

“இல்லீங்க சார். அங்க இருக்கறவங்க எல்லாம் அன்னைக்கும் பாத்துட்டுத்தானுங்களே இருந்தாங்க.”

நகலை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.