நசீர் நானா திருப்பிக் கொடுக்க நினைத்த மீன்கள்

வியாழக்கிழமை முழுவதும், வடக்கில் பிறந்தவர்கள் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவைப் புதுப்பிப்பதற்காக வெள்ளவத்தையில் வரிசையில் நின்றேன். வெளியே வந்தபோது பத்மா ரீச்சர் வாசலில் காத்திருந்தார். "நசீர் நானா விடியப்புறம் மோசம் போயிட்டார். அடக்கமும் செய்திட்டினம்" என்றார். மாரடைப்பாம். அவரை மண்ணுக்குள் இறக்கிய நேரத்தில் நான் என் பெயரையும் பிறந்த ஊரையும் ஓர் அதிகாரிக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களில் பலர் அவரை அலங்கார மீன்கடைக்காரராக மட்டுமே அறிவீர்கள். நானும் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கப் போய்த்தான் பழகினேன். இளமையில் அவர் அவிசாவளைக்கு அப்பால் ஒரு காட்டோடையில் சிவப்புக் கெண்டை பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். விரல் நீளம்கூட இல்லாத, இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் பிறக்காத மீன். சில வருடங்களிலேயே அந்த ஓடை வெறுமையாகிவிட்டது. "நான்தான் அள்ளின. நான்தான் கொண்டுபோய் உடோணும்" என்றார், இரவல் வாங்கிய ஏணியைப் பற்றிப் பேசுவதுபோல.

மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் அவருடைய வான் வண்டியில் போவோம். அவர், ஹெவ்லொக் டவுனில் விலங்கியல் படிப்பித்த பத்மா ரீச்சர், படவரைஞனான நான். சரிந்த கரைக்குக் கல் அடுக்கினோம். மருதங்கன்றுகள் நட்டோம். ரீச்சர் தண்ணீரின் சூட்டை அளந்து எழுதுவார். "மீனுக்குத் தண்ணி மட்டும் போதாது, நெழலும் வேணும்" என்று நானா ஒவ்வொரு கன்றுக்கும் சொல்லிச் சொல்லி நடுவார். வேறொரு வியாபாரியிடம் அந்த ஓடை மீனில் கடைசியாக மிஞ்சியிருந்த சில சோடிகளை வாங்கி, வீட்டுப் பின்புறச் சீமெந்துத் தொட்டிகளில் பெருக்கினார். மூன்றாம் வருடம், இனி விடலாம் என்றார்.

அன்று மீன்களைப் பொலித்தீன் பைகளில் தண்ணீரோடு கட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். பாலத்தடி இராணுவச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்கள் இருவரையும் இறங்கி ஓரமாக இருக்கச் சொன்னார்கள். நானாவிடம், நீ போகலாம் என்றார்கள். அந்த நாட்களில் அப்படி இருத்தப்பட்டவர்களில் சிலர் வீடு திரும்பியதே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்கள் போங்கோ நானா. இந்த வெயிலுக்கு மீன் தாங்காது" என்றார் ரீச்சர்.

அவர் வானைப் பூட்டிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தார். "மீன இன்னொருக்கா வளர்க்கலாம் ரீச்சர்."

பின்னேரம் எங்களை விட்டார்கள். நானா பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாமே வயிறு மேலாக மிதந்தன. பைகளை அப்படியே ஏற்றிக்கொண்டு கொழும்புக்குத் திரும்பினோம்.

அடுத்த கிழமை அவர் வீட்டுக்குப் போனபோதுதான் தொட்டிகள் காய்ந்து கிடப்பதைக் கண்டேன். தாய் மீன்களையும் அவர் அன்று ஏற்றியிருந்தார். ஓடையில் பிறந்தவை ஓடைக்கே போகட்டும் என்று நினைத்தாராம். பிறகு எத்தனையோ ஓடைகளில் வலை போட்டோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மருதங்கன்றுகள் தோளளவு வளர்ந்தபோது, மேலே ஒரு றப்பர் தொழிற்சாலையின் கழிவு ஓடையில் இறங்கத் தொடங்கியது. தண்ணீர் வெளுத்து நாறியது. மனுக் கொடுக்கப் போன அலுவலகத்தில், நாட்டில் யுத்தம் நடக்கிறது, மீனைப் பற்றிக் கதைக்க வந்தீர்களா என்று கேட்டார்கள். மனுவை மேசையில் வைத்துவிட்டு வந்தோம். அதன் பிறகும் ஞாயிறுகளில் போனோம். செய்வதற்கு வேலை இல்லை. கரையில் இருந்துவிட்டு வந்தோம்.

போன மாதம் அவர் முதல்முறை நெஞ்சு நோவென்று படுத்திருந்தபோது, நெடுநாள் அடக்கிவைத்திருந்ததைக் கேட்டேன். வீட்டில் ஒரு மீன்கூட மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டா அன்று எங்களோடு இருந்தீர்கள்?

"தெரியும்" என்றார். சற்று மூச்சு வாங்கினார். "திரும்பி வந்து உங்க ரெண்டு பேரையும் காணல்லேண்டா, அந்த ஓடைக்கு நான் யாரோட போற?"

அந்த ஓடைக்கு மீன் திரும்பும் என்று எழுத எனக்கு மனமில்லை. அவருக்கும் கடைசியில் அந்த நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கேட்ட அந்தக் கேள்விதான் என்னிடம் இருக்கிறது. இப்போது அதை ரீச்சரும் நானும் கேட்க வேண்டியிருக்கிறது.